சம்பந்திக்கு, வெயில் தாங்காத கார் குறித்து

கோவில்பட்டி,
7-6-2001

தூத்துக்குடி உப்பள அதிபர், பெருமதிப்பிற்குரிய திரு. சாமித்துரை அவர்களின் சமூகத்துக்கு, கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ் ராமசுப்பு பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தாங்களும், சகோதரி மீனாட்சியம்மாள் அவர்களும், தம்பி மணிகண்டபிரபுவும், தங்கள் அண்ணாச்சி பாண்டியராஜன் அவர்களும் நல்ல சுகத்தோடு இருக்க செண்பகவல்லி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் என் மனைவி வேலுத்தாயும் மகள் முத்துச்செல்வியும் உடம்பளவில் சௌக்கியம். இந்த வருடம் வெயில் கடுமை என்பதால் தங்கள் பாத்திகளில் உப்பு நன்றாக விளைந்திருக்கும். அதே வெயிலில் எனக்கு என்ன விளைந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் "அன்புள்ள சம்பந்தி" என்று எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு "உப்பள அதிபர்" என்று மாற்றியிருக்கிறேன். அடித்த இடத்தில் மை கொஞ்சம் ஊறியிருக்கும், மன்னிக்கவும். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு அந்தச் சொல்லை எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் நடந்தது தங்களுக்குத் தெரியும். நிச்சயதாம்பூலத்துக்குப் பன்னிரண்டு மணிக்குள் வந்து சேர வேண்டிய மாப்பிள்ளை, எமகண்டம் பிறந்து வெகுநேரம் கழித்து, ஆடு ஏற்றிய வண்டியின் பின்னால் ஆடுகளோடு ஆடாக நின்றுகொண்டு வந்ததையும், பெண்ணைப் பெற்ற நான் அதே வண்டியின் முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து வந்ததையும் தாங்கள் கண்ணால் பார்த்தீர்கள். "பிள்ளைய ஆட்டோட ஏத்திட்டு இவரு முன்னால உக்காந்து காத்து வாங்கிட்டு வாராரு. இப்பவே இப்படின்னா நாளைக்கு எப்படியோ. சாமித்துரை, கெளம்புலே!" என்று தங்கள் அண்ணாச்சி சத்தம் போட்டு, இலை போடும் முன்பே வேனில் ஏறிவிட்டார். தாங்களும் என் முகத்தைப் பார்க்காமல் "பிறகு பேசிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நாதஸ்வரக்காரர் எதை வாசிப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் ஆடுகளைப் பார்த்தேன். வாசலில் நடந்தது இவ்வளவுதான். ரோட்டில் நடந்தது தங்களுக்குத் தெரியாது. அதைச் சொன்னால் தங்கள் கோபம் குறையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கோபப்படுவதற்குச் சரியான காரணங்களாவது கிடைக்கும்.

முதலில் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொப்பையும் மூட்டுவலியும் வேட்டியும் உள்ள ஒரு மனிதன், ரெண்டே சீட்டு உள்ள, தரையோடு தரையாகப் பதுங்கிக் கிடக்கிற, சிவப்பு நிற வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை ஏன் வாங்கினான் என்று தாங்கள் கேட்கவில்லை, அது தங்கள் பெருந்தன்மை. கோவில்பட்டியில் கேட்காத ஆள் இல்லை. தீக்குச்சிக்கு மரம் பார்த்துவரப் போன வருடம் கொச்சிக்குப் போனேன். அங்கே ஒரு கப்பல் ஏஜென்ட் வீட்டு வாசலில், தென்னை நிழலில், மழைச் சொட்டு மினுங்க இது நின்றுகொண்டிருந்தது. நான் நின்றேன். அவ்வளவுதான். போனது மரத்துக்கு, வந்தது காரோடு. வேலுத்தாய் வாசலுக்கு வந்து காரை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தாள். "மரம் எங்க?" என்று மட்டும் கேட்டாள். இந்தக் காரில் ஏறுவது கிணற்றில் இறங்குவது மாதிரி. முதலில் இடுப்பை உள்ளே போட வேண்டும், பிறகு தலையை, கால்கள் அவை பாட்டுக்கு வெளியே கிடக்கும், வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைக்க வேண்டும். இறங்கும்போது யாராவது கை கொடுக்க வேண்டும். இருந்தாலும் எட்டயபுரம் ரோட்டில் விடியற்காலையில் அதை ஓட்டிப் போகும்போது எனக்கு நரைத்த தலை இருப்பதே மறந்துபோகும்.

கஷ்டம் என்னவென்றால், இந்தக் கார் கொச்சி மழையில் வளர்ந்தது. நம்ம கரிசல் காட்டு வெயில் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் எடுத்தால் சத்தமே இல்லாமல் பறக்கும். பத்து மணி தாண்டிவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் போகவா வேண்டாமா என்று யோசிக்கும். யோசித்து, ஒரு தும்மல் போட்டு, நாலு அடி பாய்ந்து, மறுபடி யோசிக்கும். நான் உள்ளே உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிப் போவதைப் பார்த்து, எதிரில் வருகிறவர்கள் நான் வணக்கம் சொல்வதாக நினைத்துப் பதில் வணக்கம் வைப்பார்கள். அந்த வகையில் ஊரில் எனக்கு மரியாதை கூடியது. உச்சிவெயில் வந்துவிட்டால் யோசனையும் இல்லை, தும்மலும் இல்லை, நின்றுவிடும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி முதல் சாவியிலேயே கிளம்பும். மெயின் பஜாரில், பஸ் ஸ்டாண்டு முன்னால், ரயில்வே கேட்டுக்கு நட்டநடுவில் என்று அது நிற்காத இடம் இல்லை.

பைபாஸில் லாரி பார்க்கும் சோலைராஜ் என்ற மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் காரைச் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, "பானெட்டு எந்தப் பக்கம் தெறக்கும் அண்ணாச்சி?" என்று கேட்டார். எனக்கும் தெரியாததால் ரெண்டு பேரும் சேர்ந்து தேடினோம். திறந்த பிறகு ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். கார் மறுநாள் பதினொரு மணிக்கு நின்றது. கார்புரேட்டரைப் பிரித்து மாட்டினார். மாட்டி முடித்த பிறகு ஒரு சின்ன ஸ்பிரிங் மிச்சம் இருந்தது. "இது இல்லாமலே ஸ்டார்ட் ஆயிட்டு பாருங்க, அப்ப இது தேவையில்ல" என்று என் கையில் கொடுத்தார். நானும் பிரசாதம் மாதிரி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தீப்பெட்டி வியாபாரத்தில் இருக்கும் என் சிநேகிதர் ஒருவர், குறை காரில் இல்லை, உள்ளூர் பெட்ரோலில்தான் இருக்கிறது, திருநெல்வேலியில் போட்டுப் பாரும் என்றார். நல்ல பெட்ரோல் போடக் கிளம்பிய கார் கெட்ட பெட்ரோலோடு கயத்தாறில் நின்றுவிட்டது. வைக்கோல் ஏற்றிப் போன ஒரு டிராக்டருக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். மேல்மூடி இல்லாத கார். வழி நெடுக வைக்கோல் உதிர்ந்து என் மேலே விழுந்தது. நம்ம தெருவுக்குள் நுழைந்தபோது வேலுத்தாய் டிராக்டரைப் பார்த்து, "நாங்க மாடு வளக்கலையே, இங்கன எதுக்குப்பா வைக்கப்படப்பை இறக்குதீங்க?" என்று கேட்டாள். படப்புக்குள் இருந்து நான் கையைத் தூக்கினேன்.

அதன் பிறகு அவள் பொறுப்பெடுத்துக்கொண்டு, கண்ணேறு என்று முடிவு கட்டி, காருக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டாள். தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளியில் எலுமிச்சம்பழத்துக்கு ஏது இடம்? முதல் வேகத்தடையிலேயே நசுங்கிவிட்டது. "வெயில் தாங்காதுன்னா இந்தச் சவத்தை ஊட்டிப் பக்கம் யாருக்காவது கட்டிக் குடுத்துருங்க" என்றாள். அந்த யோசனையைக் கேட்டிருக்கலாம்.

கடைசியில் சோலைராஜ்தான் அதற்கு ஒரு பெயர் சொன்னார். "ஏர் லாக் அண்ணாச்சி. எஞ்சின் சூட்டுல பம்ப்புக்குள்ள பெட்ரோல் ஆவியாப் போகுது. எஞ்சினுக்குப் பெட்ரோலுக்குப் பதிலா வெறுங்காத்து வருது. காத்தைக் குடிச்சா நீங்க ஓடுவீங்களா?" என்று கேட்டார். நான் பெட்ரோலைக் குடித்தாலும் ஓடமாட்டேன் என்றேன். பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றச் சொன்னார். சுற்றினேன். ஓடியது. சாக்கு காய்ந்ததும் நின்றது. இறங்கி நனைக்க, ஓட, காய, நிற்க, மறுபடி இறங்க. இறங்கி ஏறுவதில் உள்ள சிரமத்தை முன்பே சொன்னேன். இந்த இடத்தில்தான் என் சொந்த மூளை வேலை செய்தது. இதற்கு முன்னால் அது வேலை செய்யாதிருந்ததே குடும்பத்துக்கு நல்லதாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. மருந்துக்கடையில் ஆஸ்பத்திரிக்கு வாங்குகிற குளுக்கோஸ் பாட்டில், டியூப், சொட்டு நிறுத்தும் சக்கரம் எல்லாம் வாங்கினேன். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி முன் கண்ணாடிச் சட்டத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டு, டியூபைப் பானெட்டுக்குள் விட்டு, பம்ப்பைச் சுற்றியிருந்த சாக்கின் மேல் சொட்டுச் சொட்டாக விழும்படி வைத்தேன். பஜாரில் பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, காருக்கு குளுக்கோஸ் ஏத்துதீங்களா? ரொம்ப முடியலையோ?" என்று கேட்டார். கேட்கட்டும். கார் பஜாரை ரெண்டு தடவை சுற்றி, ஒரு தும்மல் கூடப் போடாமல் வீடு வந்து சேர்ந்தது. அந்தத் திமிரில்தான் தங்களுக்கு போன் போட்டு, "மாப்பிள்ளையை நானே நேரில் வந்து என் காரில் அழைத்துப் போகிறேன்" என்று சொன்னேன். தாங்கள் "எதுக்கு சம்பந்தி, வேன்ல எங்ககூடவே வந்துருவான்" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

ஞாயிறு விடியலில் குளிர்ச்சியில் கிளம்பினேன். தூத்துக்குடி வரை கார் தேர் மாதிரி வந்தது. தங்கள் தெருவில் ஆட்கள் கூடிப் பார்த்ததும், சகோதரி அவர்கள் ஆரத்தித் தட்டோடு வந்து மாப்பிள்ளைக்கு எடுத்ததில் பாதியைக் காருக்கும் எடுத்ததும், தங்கள் அண்ணாச்சியே "பரவாயில்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னதும் எனக்குப் போதை ஏற்றிவிட்டது. வேனை முன்னால் போகச் சொன்னேன். "நீங்க முன்னாடி போங்க, வழியில தாண்டிருவோம்" என்று நான் சொன்னது தங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாப்பிள்ளை ஏறுகிறாரே என்று, குளுக்கோஸ் சக்கரத்தைத் தாராளமாகத் திறந்து வைத்தேன். சொட்டாக விழ வேண்டியது ஒழுக்காக விழுந்ததை நான் கவனிக்கவில்லை. மரியாதை செய்கிற அவசரம்.

எட்டயபுரம் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஊருக்குள் கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து போனோம். அதோடு விட்டிருக்கலாம். ஊர் எல்லையில் பனையோலைப் பந்தலில் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் முதலாக மாப்பிள்ளையோடு தனியாகப் பயணம், ஒன்றுமே வாங்கிக் கொடுக்கவில்லை என்றால் அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று நினைத்து, காரை வெயிலில் நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டு, "இறங்குங்க தம்பி, நுங்கு சாப்பிடுவோம்" என்றேன். "நேரமாகுதே மாமா, முதல்ல போயிருவோமே" என்று தம்பி சொன்னார். நான் விடவில்லை. நுங்கு சாப்பிட்டோம். வழிக்கு இருக்கட்டும் என்று நன்னாரி சர்பத் ஒரு பாட்டிலும் வாங்கி வைத்தேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால், கார் யோசித்தது. ரொம்ப நேரம் யோசித்துக் கிளம்பியது. ஊரைத் தாண்டி, ரெண்டு பக்கமும் பருத்திமார் பிடுங்கின வெறுங்காடு, நிழலுக்கு ஒரு உடைமரம் கூட இல்லாத இடமாகப் பார்த்து நின்றது. குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன். ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

தண்ணீர் இல்லாவிட்டால் என்ன, ஈரம்தானே வேண்டும் என்று சர்பத் பாட்டிலைத் திறந்து பம்ப்பின் மேல் ஊற்றியது நான்தான். தம்பி "மாமா, வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஊற்றிவிட்டேன். எஞ்சினுக்குள் இருந்து வெல்லப்பாகு காய்ச்சுகிற வாசனை வந்தது. வண்டு ஒன்று வந்தது. கார் கிளம்பவில்லை. பிறகு தள்ளிக் கிளப்பலாம் என்று தம்பியை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து நான் தள்ளினேன். "நீங்க உக்காருங்க மாமா, நான் தள்ளுதேன்" என்று அவர் எவ்வளவோ சொன்னார், மாப்பிள்ளையைத் தள்ளவிடுவதா என்று நான் கேட்கவில்லை. லேசான இறக்கம். திடீரென்று கார் உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்று தம்பி மெதுவாக உருட்டிக்கொண்டே போகிறார், "ஓடி வந்து ஏறிக்கிடுங்க மாமா!" என்கிறார். நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறேன். காட்டில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "ஐயா, பைய ஓடுங்க, அது எங்கயும் போவாது!" என்று கத்தினார். அவர் சொன்னபடியே நூறு அடி தாண்டி அது நின்றது. அவசரத்தில் ரோட்டை விட்டு இறங்கிக் கரிசலில் கால் வைத்தேன். வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த மண். ஒரு வெடிப்பில் என் செருப்பு இறங்கிவிட்டது, கால் மட்டும் வெளியே வந்தது. கையை விட்டுத் துழாவினோம், அகப்படவில்லை. நான் ஒற்றைச் செருப்போடு தங்கள் முன்னால் வந்து இறங்கியது மரியாதைக் குறைவால் அல்ல.

அப்போது தம்பி என்னைக் கூர்ந்து பார்த்து, ரோட்டில் உட்காரச் சொல்லி, தன் பட்டு அங்கவஸ்திரத்தை என் தலையில் போட்டார். எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "நெஞ்சு வலிக்குதா மாமா?" என்று கேட்டார். இல்லை, அவமானம்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து வெயிலை மறைத்துக்கொண்டார். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்தது. இருபது வருடம் தொழில் பார்த்தவன், ஒரு பிள்ளையின் நல்ல நாளை நடுரோட்டில் வைத்துக் கெடுத்துவிட்டோமே என்று. அங்கே என் மகள் புதுச்சேலையோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "வேற வண்டி வரும் மாமா" என்றார் தம்பி.

வந்தது. எட்டயபுரம் சந்தையில் வாங்கிய ஆடுகளை ஏற்றிக்கொண்டு கருத்தப்பாண்டி என்ற ஆட்டு வியாபாரியின் மினி லாரி. அவர் நிறுத்தி, எங்கள் பட்டுச் சட்டைகளைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, "முன்னால ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு. இன்னொருத்தர் ஆட்டோட நிக்கணும். மாப்ளை யாரு?" என்றார். நான் கையைக் காட்டினேன். "அப்ப மாப்ளை முன்னால ஏறட்டும், நீரு பின்னால வாரும்" என்றார் கருத்தப்பாண்டி. உலகத்தில் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். நானும் பின்பலகையில் கால் வைத்தேன். தூக்கிய கால் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூட்டு பிடித்துக்கொண்டது. தம்பி என்னை அப்படியே தூக்கி, ஆமாம், குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கி, முன்சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, "நான் பின்னால நிக்கேன், வண்டிய எடுங்கண்ணே" என்று அங்கவஸ்திரத்தை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறிக்கொண்டார். இதுதான் நடந்தது. நான் தடுத்தேன் என்று எழுத ஆசை. தடுக்கவில்லை. முன்சீட்டில் காற்று வந்தது, சுகமாக இருந்தது. தங்கள் அண்ணாச்சி சொன்னதில் அந்தக் காற்று வாங்கிய பகுதி மட்டும் நிஜம்.

வாசலில் தம்பி இறங்கும்போது கூடவே ஒரு கிடா அவர் அங்கவஸ்திரத்தின் நுனியை மென்றுகொண்டே இறங்கியதையும், மீதியையும் தாங்களே பார்த்தீர்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நான் போய்ச் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது. பாகு வாசனையோடு வீடு வரை ஒரு தும்மல் கூட இல்லை. அன்றைக்கு அதைக் கொளுத்திவிடலாம் என்று தோன்றியது. தீப்பெட்டிக்கு நம்மிடம் பஞ்சமா?

முத்துச்செல்வி அன்றைக்கே புதுச்சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், பிள்ளைகளுக்குச் சயன்ஸ் சொல்லிக் கொடுக்கிறாள், வருகிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாததால் சாப்பாட்டை ஆபீஸுக்கே வரவழைத்துச் சாப்பிடுகிறேன். நாலு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தங்கள் பிள்ளை தங்கம். என்னைப் போன்ற ஒரு மாமனாரை வைத்துக்கொண்டு காலமெல்லாம் அவர் கஷ்டப்பட வேண்டியதில்லை. தங்கள் குடும்பத்துக்கு இந்தச் சம்பந்தத்தில் மனம் இல்லை என்றால், நாலு பேர் முன்னால் தாங்கள் அதைச் சொல்லிச் சங்கடப்பட வேண்டாம், நானே விலகிக்கொள்கிறேன். குறை முழுவதும் என்னுடையது என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்கிறேன். காரை மதுரையில் ஒருவருக்குப் பேசி முடித்தாயிற்று, நாளைக்குக் காலையில் வந்து எடுத்துப் போகிறார். இனி என் ஆயுளில் பஸ்தான். இது செண்பகவல்லி அம்மன் மேல் சத்தியம்.

சகோதரி அவர்களுக்கு என் வணக்கம். தங்கள் அண்ணாச்சி அவர்களுக்கு என் மன்னிப்பும் வணக்கமும். தங்கள் உப்பளத்தில் இந்த வருடம் கோடைமழை பெய்யாமல் உப்பு மலைபோல் குவியட்டும். தம்பி மணிகண்டபிரபு எந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனாலும் நல்ல பெண்ணும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் மாமனாரும் அவருக்கு அமைய ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்களுக்குச் சம்பந்தியாக இருந்திருக்க வேண்டிய,
வே. ராமசுப்பு

பின்குறிப்பு: மேலே கண்டதை ஆபீஸில் எழுதி முடித்து, உறை எடுக்க மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். கார் ஷெட்டில் பேச்சுக்குரல் கேட்டது. காரைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். அடியிலிருந்து ரெண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மதுரைக்காரர் ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டார் என்று நினைத்தேன். அவை தங்கள் மகனின் கால்கள். உப்பளத்துக்குப் போவதாகத் தங்களிடம் சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் இங்கே வந்திருக்கிறார். தலைமாட்டில் முத்துச்செல்வி, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, டார்ச் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஏன் சொல்லலை?" என்று வேலுத்தாயிடம் கேட்டேன். "நீங்க என்னமோ முக்கியமா எழுதுதீங்கன்னு கணக்கப்பிள்ளை சொன்னாரு, அதான் தொந்தரவு பண்ணலை" என்றாள்.

தம்பி வெளியே வந்து, "அன்னைக்கு ரோட்டுல வச்சே எனக்குச் சந்தேகம் மாமா. நீங்க சர்பத் ஊத்துன பிறகு பம்ப்பைத் தொட்டுப் பாத்தேன், குளுந்துதான் இருந்துச்சு. பம்ப்பு குளுந்தும் வண்டி ஓடலைன்னா சூடு வேற எங்கயோ இருக்கு. நாலு நாளா தூக்கம் இல்ல" என்றார். நான் அவருக்கு நாலு நாளாகத் தூக்கம் இல்லாததற்கு வேறு காரணம் நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். எங்கே சூடு என்று கண்டுபிடித்தது முத்துச்செல்வி. நம்ம ஆபீஸிலிருந்து குச்சிக்குப் போடுகிற மெழுகு கொஞ்சம் எடுத்து வந்து, டேங்கிலிருந்து எஞ்சின் வரைக்கும் பெட்ரோல் குழாய் நெடுக அப்பியிருக்கிறாள். எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள். மற்ற இடத்தில் மெழுகு அப்படியே இருக்க, ஒரே ஒரு வளைவில் மட்டும் உருகி ஓடிவிட்டது. அந்த இடத்தில் பெட்ரோல் குழாய் புகைக்குழாயை ஒட்டி உரசிக்கொண்டு போகிறது. முன்னால் யாரோ குழாய் மாற்றும்போது குறுக்குவழியில் விட்டுவிட்டார்கள் போல. நான் ஊருக்கெல்லாம் காட்டிக் குளுக்கோஸ் ஏற்றியது வலி இல்லாத இடத்தில். சாக்கை நனைக்க இறங்கி ஏறிய நேரத்தில் குழாய் தானாக ஆறியதால்தான் கார் ஓடியிருக்கிறது. "எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு இதைத்தான்ப்பா செஞ்சு காமிக்குதேன்" என்றாள். தம்பி அந்தக் குழாயைத் தள்ளி வளைத்துக் கட்டி, மேலே சூடு தாங்கும் கயிறு சுற்றி, நடுவில் வேலுத்தாயின் நல்லெண்ணெய் டின்னை வெட்டித் தகடு வைத்து மறைத்தார்.

வெயிலில்தானே சோதிக்க வேண்டும் என்று வேலுத்தாயே உத்தரவு கொடுக்க, ரெண்டு பேரும் அந்த மத்தியான வெயிலிலேயே கயத்தாறு வரை போனார்கள். அங்கே வேண்டுமென்றே எஞ்சினை அணைத்துக் கொதிக்கவிட்டு, மறுபடி கிளப்பித் திரும்பி வந்தார்கள். போகும்போது தம்பி ஓட்டினார், வரும்போது முத்துச்செல்வி. நான் தெருமுனையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தும்மல் இல்லை, யோசனை இல்லை. வந்து இறங்கியதும் தம்பி, "பெரியப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன் மாமா. ஆட்டு வண்டியில நிக்கேன்னு சொன்னது நான்தான்னு சொன்னா அவியளுக்குப் புரியும்" என்றார். முத்துச்செல்வி, "அப்பா, காரை மட்டும் குடுத்துராதீங்க" என்றாள்.

ஆகவே சம்பந்தி, மேலே நான் விலகிக்கொள்வதாக எழுதிய பத்தியைப் படித்திருந்தால் தயவுசெய்து படிக்காததாக நினைத்துக்கொள்ளவும். மதுரைக்காரருக்கு வரவேண்டாம் என்று போன் போட்டுவிட்டேன். சத்தியம் செய்தது பற்றி அம்மனிடம் வேலுத்தாய் பேசிக்கொள்கிறாள். எமகண்டம் இல்லாத ஒரு நல்ல நாளாகப் பார்த்து எழுதவும், இந்தத் தடவை நாங்கள் எல்லாரும் வேனில் அங்கே வருகிறோம்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. தம்பியிடமே கொடுத்து அனுப்புகிறேன். பஸ்ஸில் போங்கள் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. தூத்துக்குடி வெயிலிலும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். எதற்கும் ஒரு வார்த்தை: இன்று சாயங்காலத்துக்குள் இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வந்து சேரவில்லை என்றால், உடனே எட்டயபுரம் ரோட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்க்கவும்.